விலைவாசியும் குடியானவர் கடனும்

ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களே!

விலை ஏறுவதும் இறங்குவதும் மழையைப் போலத் தானே நிகழ்வதென்று கிராமத்தார் பலர் எண்ணுவதுண்டு. அது முற்றும் சரியன்று. நாணயத்தின் பெருக்கமும் சுருக்கமும், அவற்றைப் பற்றிய அரசாங்கத்தின் தீர்மானங்களும் விலையில் கலந்திருக்கின்றன. சென்னை மாகாணம் கண்ட இரு காலங்கள் இதனை விளக்கும்.

1929-ஆம் வருஷம் உலகெங்கும் வியாபார மந்தம் தோன்றியது. சில வருஷங்களுக்குள் நெல் விலை ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்தது. ரூபாயின் மதிப்போ 1927-ஆம் வருஷத்துச் சட்டத்தால் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அதனைக் குறைத்தால் விளைபொருளுக்கு அதிக ரூபாய் கிடைக்குமென்று இந்தியத் தலைவர்கள் பலர் வாதித்தனர், அரசாங்கம் இணங்கவில்லை.

இதன் பலனை ஓர் உதாரணத்தால் அறியலாம். மூட்டை 6 ரூபாய் விற்கையில் ஒருவர் 120 ரூபாய் கடன் பெற்றதாகக் கொள்க. அன்று அக்கடன் 20 மூட்டை நெல்லுக்குச் சமம். விலை 3 ரூபாயானதும் அது 40 மூட்டையாயிற்று. பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பாரம் மட்டும் இரட்டித்தது. ரூபாயில் கட்டவேண்டிய கிஸ்தியும் அவ்வாறே கனத்தது. பலர் நகையை விற்றனர். நிலத்தை இழந்தவரும் உண்டு.

இக்கஷ்டத்தை நீக்க 1938-இல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இயற்றியது. 1932 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி வரை நின்ற வட்டிப் பாக்கி தள்ளுபடியாயிற்று. அசலைப் போல் இருமடங்கு செலுத்தியிருந்தவரின் கடன் முழுதும் தீர்ந்தது.

1939-இல் யுத்தம் மூண்டதும் நிலைமை தலைகீழாயிற்று. யுத்தச் செலவுக்காக நோட்டுகள் பெருகின. 1939-இல் சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம் 1945-இல் 1,100 கோடிக்கு மேற்பட்டது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. விற்க நெல் உள்ளவர் பழங்கடனைச் சில மூட்டைகளால் தீர்த்தார். கூலியால் அரிசி வாங்குபவரோ அரைவயிறு உண்டார். 1943-இல் வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

இவற்றால் அறியத்தக்கவை மூன்று. முதலாவது, கடனை ரூபாயில் மட்டுமன்றி மூட்டையிலும் கணக்கிடுக. இரண்டாவது, விலை ஏறியிருக்கையில் புதுக்கடனில் ஆசை வையாது பழங்கடனை அடைத்திடுக. சங்கமும் விலை பாதியானால் தவணை கட்ட இயலுமா என்று ஆராய்ந்தே கடன் அளித்தல் வேண்டும். மூன்றாவது, அறுவடைக் காலத்தில் பண்டகசாலையில் தானியம் சேர்த்து வைத்திடுக. விலையேற்றத்தில் நிலமில்லாத அங்கத்தினரைக் காப்பது அதுவே.