நடுவரின் பிறப்பும் நடுநிலையும்

மியன்மார் நாட்டின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஆங் சான் சூ கீ அம்மையார், 2013-ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலிக்கு ஒரு பேட்டி அளித்தார். பேட்டி கண்டவர் மிஷல் ஹுசைன் என்னும் பெண்மணி. பாகிஸ்தானிலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர்; முஸ்லிம். மியன்மாரில் ரொஹிங்கியா முஸ்லிம்களுக்கு நேர்ந்த கொடுமைகளைப் பற்றி அவர் விடாது வினவினார். பேட்டி முடிந்த பிறகு, தம்மைக் கேள்வி கேட்கப்போகிறவர் ஒரு முஸ்லிம் என்று முன்னரே யாரும் தெரிவிக்கவில்லையே என அம்மையார் சினத்துடன் கூறியதாக, பீட்டர் பாப்பம் என்னும் ஆசிரியர் 2016-ல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார்.

அவ்வாறு சொன்னார் என்பது நூலாசிரியரின் கூற்று. அதன் மெய்ம்மையை ஆராய்வது நம் நோக்கமன்று. ஆனால் அச்சொல்லில் பொதிந்துள்ள எண்ணம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று, உலகெங்கும் உலவுவது. அரசியல் தலைவர்களைப் பொது மன்றத்தில் கேள்வி கேட்பவரின் பிறப்பு, அவருடைய நடுநிலையை ஐயுறுவதற்குப் போதிய காரணமாகுமா? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் கேட்கப்பட்ட கேள்வியையே பார்ப்போம். 2012-ஆம் ஆண்டில் மியன்மாரின் ராக்கைன் மாநிலத்தில் மூண்ட கலவரங்களால் ஏறத்தாழ 1,40,000 பேர் வீடிழந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ரொஹிங்கியாக்கள். சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஒரு தலைவரிடம் இதைப் பற்றி வினவுவது எந்த நிருபருக்கும் உரிய கடமை. ஸ்காட்லாந்தில் பிறந்த கிறிஸ்தவர் கேட்டிருந்தாலும், ஜப்பானில் பிறந்த பௌத்தர் கேட்டிருந்தாலும் கேள்வி அதுவேதான். கேட்டவர் பெயரைக் கொண்டு கேள்வியின் எடையைக் குறைத்து மதிப்பிடுவது, கடிதத்தைப் படியாமல் அனுப்பியவர் பெயரைக் கண்டே கோபித்துக்கொள்வது போன்றதாகும்.

நடுநிலை என்றவுடன், ஊரும் உறவும் மொழியும் மதமும் இல்லாத ஒரு மனிதரை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அப்படி ஒருவர் எங்கும் பிறந்ததில்லை. எல்லாருக்கும் பிறப்பு உண்டு. சிலருடைய பிறப்பு மட்டுமே பிறர் கண்ணில் படுகிறது. அமெரிக்காவில் ஜிம் லேரர் என்னும் தொலைக்காட்சிப் பத்திரிகையாளர், 1988 முதல் 2012 வரை ஜனாதிபதித் தேர்தல் விவாதங்கள் பன்னிரண்டுக்கு நெறியாளராக இருந்தார். அவர் கன்ஸாஸ் மாநிலத்தில் பிறந்த வெள்ளையர். வெள்ளையர்களான இரு வேட்பாளர்கள் வாதிடும்போது ஒரு வெள்ளையர் நடுவராக இருக்கலாமா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நகைத்திருப்பார்கள். பெரும்பான்மையினரின் பிறப்பு, நாம் சுவாசிக்கும் காற்றைப் போல, இருப்பதே தெரியாமல் இருக்கிறது. சிறுபான்மையினரின் பிறப்போ, அவர் வாய் திறக்குமுன்பே மேடையில் வந்து நின்றுவிடுகிறது.

நீதிமன்றங்கள் இச்சிக்கலை முன்னமே சந்தித்து விடை கண்டிருக்கின்றன. 1974-ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில், கறுப்பினத் தொழிலாளருக்குப் பாரபட்சம் காட்டியதாக ஒரு தொழிற்சங்கத்தின்மீது வழக்கு நடந்தது. நீதிபதி லியான் ஹிக்கின்பாதம் கறுப்பர். ஆகவே அவர் விலகவேண்டும் என்று எதிர்த்தரப்பினர் கோரினர். அவர் மறுத்து, விரிவான காரணங்களை எழுதினார். இனப் பாகுபாட்டு வழக்கிலிருந்து கறுப்பு நீதிபதி விலகவேண்டுமானால், அதே நியாயப்படி வெள்ளை நீதிபதியும் விலகவேண்டும் அன்றோ என்பதே அவற்றின் சாரம். அடுத்த ஆண்டு, 1975-ல், நியூயார்க்கில் பெண்களுக்கு எதிரான பாகுபாடு பற்றிய வழக்கொன்றில், நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி பெண் என்பதைச் சுட்டி அவரை விலகச் சொன்னார்கள். ஒவ்வொரு நீதிபதியும் ஆணாகவோ பெண்ணாகவோ ஏதேனும் ஓர் இனத்தவராகவோதானே இருக்கமுடியும். பிறப்பே தடையானால் வழக்கை விசாரிக்க எவரும் எஞ்சமாட்டார் என்னும் கருத்துப்பட அவரும் மறுத்துவிட்டார். நெறியாளருக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

அங்ஙனமாயின், நெறியாளர்மீது எவ்வித ஐயமும் கொள்ளலாகாதா? அப்படிச் சொல்வதற்கில்லை. பிறப்பு வேறு, நலன் வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

2008-ஆம் ஆண்டில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி வேட்பாளர்களான ஜோ பைடனும் சாரா பேலினும் வாதிட்ட மேடைக்கு நெறியாளராக இருந்தவர் குவென் ஐஃபில். பனாமாவிலிருந்தும் பார்படோஸ் தீவிலிருந்தும் குடியேறிய கறுப்பினப் பெற்றோரின் மகள். அப்போது அவர், ஒபாமா முதலிய புதிய தலைமுறைக் கறுப்பினத் தலைவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். புதிய ஜனாதிபதி பதவியேற்கும் நாளான 2009 ஜனவரி 20 அன்று அது வெளிவருவதாக இருந்தது. ஒபாமா வென்றால் நூல் கூடுதலாக விற்குமே, அவரால் நடுநிலை காக்கமுடியுமா என்று சிலர் கேட்டனர். இக்கேள்வியைத் தவறென்று தள்ளிவிட முடியாது. இது நலனைப் பற்றியது. யாரிடமும் கேட்கத் தக்கது. ஆனால், கறுப்பினத்தவர் ஆதலால் ஒபாமாவின் பக்கமே சாய்வார் என்று ஒருவர் சொன்னால், அது வேறு பேச்சு. முன்னதற்கு ஐஃபில் விடை சொல்லலாம். பின்னதற்கு அவர் என்ன விடை சொல்ல முடியும்? தம் தோலையா மாற்றிக்கொள்ள முடியும்? விவாதம் குறித்தபடி நடந்தது. அதன் ஒளிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. ஐயுறுவோர் கேள்விகளை எண்ணியும் எடைபோட்டும் பார்க்கலாம்.

நலன் உண்டென்றால் அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மையான வழி. மெக்ஸிகோவில் பிறந்து அமெரிக்காவில் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சியில் பணியாற்றிய ஹோர்ஹே ராமோஸ், தம் மகள் ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் அலுவலகத்தில் வேலையில் சேர்ந்த செய்தியை 2015-ல் தாமே வெளியிட்டார். 2016 மார்ச் மாதம் மயாமி நகரில் கிளிண்டனும் சாண்டர்ஸும் வாதிட்டபோது, நெறியாளர்களுள் அவரும் ஒருவர். அரசாங்க மின்னஞ்சல் விவகாரத்தில் குற்றம் சாட்டப்பட்டால் போட்டியிலிருந்து விலகிவிடுவீர்களா என்று, மகளுக்கு வேலை கொடுத்தவரிடமே அவர் கேட்டார். கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் தந்தையின் கடமைக்கும் பத்திரிகையாளரின் கடமைக்கும் இடையே அவர் எங்கே கோடு கிழித்தார் என்பதை நாடே பார்த்தது.

பிறப்பு ஒருவரைத் தம் இனத்தவர் பக்கமே சாய்க்கும் என்னும் கணக்கும் பலவேளைகளில் பொய்த்துப்போகிறது. சூடானில் பிறந்த ஜெய்னப் பதாவி, 2009-ஆம் ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சிக்காக சூடான் ஜனாதிபதி ஓமர் அல் பஷீரைப் பேட்டி கண்டார். டார்பூர் கொடுமைகளுக்காக, அவ்வாண்டு மார்ச் மாதத்தில்தான் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பஷீரைக் கைதுசெய்ய ஆணை பிறப்பித்திருந்தது. பதாவியின் கொள்ளுப்பாட்டனார் பாபிகர் பத்ரி, 1898-ல் ஓம்துர்மான் போரில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்றவர். பின்னர் சூடானில் பெண் கல்விக்கு வித்திட்டவர். இத்தகைய குடும்பத்தில் பிறந்தவர் சொந்த நாட்டின் ஆட்சியாளருக்குச் சலுகை காட்டுவார் என்று சொல்வதா? ஆங்கில நிறுவனத்தின் ஊழியர் ஆதலால் பகை காட்டுவார் என்று சொல்வதா? பிறப்பைக் கொண்டு இரண்டையும் சொல்லலாம். இரண்டையும் சொல்ல இடம் தரும் ஒரு சான்று, எதையும் மெய்ப்பிப்பதில்லை.

இனி, பிறப்பால் எத்தொடர்பும் இல்லாதவர்மீதும் பாரபட்சக் குற்றச்சாட்டு வருவதுண்டு. ஈரானியத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த கிறிஸ்டியான் அமன்பூர், போஸ்னியப் போரின்போது சாரயேவோ நகரிலிருந்து செய்தி அளித்துவந்தார். 1994 மே மாதம், உலக நாடுகளை இணைத்த ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், முற்றுகையிடப்பட்ட அந்நகரிலிருந்தே அவர் ஜனாதிபதி கிளிண்டனிடம், போஸ்னியாவைப் பற்றிய அமெரிக்கக் கொள்கை ஓயாமல் மாறுவது ஏன் என்று நேருக்கு நேர் கேட்டார். அவர் நடுநிலை தவறி ஒரு சாராருக்காகப் பேசுகிறார் எனப் பலர் குறைகூறினர். கொல்வோரையும் கொல்லப்படுவோரையும் ஒரே தட்டில் வைப்பது நடுநிலை ஆகாது. பத்திரிகையாளருக்கு உண்மையே முதற்கடமை என்பது அவர் இன்றளவும் வலியுறுத்திவரும் கருத்து.

இங்கே வள்ளுவரை நினைவுகூர்வது பொருத்தம். திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் நடுவுநிலைமை. அதில் சான்றோரின் நடுநிலைக்குத் துலாக்கோல் உவமையாகிறது. அவ்வுவமையில் ஒரு நுட்பம் உண்டு. பொருளை ஏற்றுவதற்குமுன் துலாக்கோல் சமமாக நிற்கவேண்டும். ஏற்றியபின்போ, கனத்த பக்கம் தாழ்ந்துதான் ஆகவேண்டும். ஒரு தட்டில் ஒரு படியும் மறு தட்டில் ஒரு மரக்காலும் இருக்க, முள் அசையாமல் நின்றால் அந்தத் தராசு பழுதுபட்டது என்றே வணிகர் சொல்வர். பிரிட்டனில் ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஆஃப்காம் என்னும் அமைப்பின் விதிகளும் இதை ஒட்டியே அமைந்துள்ளன. அவை வேண்டுவது, பொருளுக்கேற்ற உரிய நடுநிலை. ஒவ்வொரு கருத்துக்கும் நேரத்தைச் சரிசமமாகப் பங்கிடுவதே நடுநிலை என்று அவை கூறவில்லை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றோருக்கு இந்த வழக்கு புதிதன்று. ஐக்கிய நாடுகள் சபையில் பேச்சுகளை உடனுக்குடன் மொழிபெயர்ப்போர், பெரும்பாலும் பிறமொழியிலிருந்து தத்தம் தாய்மொழிக்கே மொழிபெயர்க்கின்றனர். தாய்மொழிப் பற்றினால் பேச்சைத் திரித்துவிடுவார்கள் என்று அங்கே யாரும் அஞ்சுவதில்லை. தாய்மொழி அவர்களுக்குத் தகுதியாகவே எண்ணப்படுகிறது. மொழிபெயர்ப்பாளரின் நேர்மை அவர் பிறந்த ஊரைக் கொண்டு அளக்கப்படுவதன்று. மூலத்தோடு ஒப்பிட்டு அளக்கப்படுவது. மூலம் எதிரில் இருக்கிறது, எவரும் சரிபார்க்கலாம். பத்திரிகையாளருக்கும் பிறப்பு அவ்வாறே ஒரு முதலாகலாம். ஒரு நாட்டின் மொழியையும் வரலாற்றையும் உள்ளிருந்து அறிந்தவருக்கு, தலைவர்கள் எந்த இடத்தில் மழுப்புகிறார்கள் என்பது விரைவில் புலப்படும்.

ஆகவே நெறியாளரைச் சோதிக்க விரும்புவோர், அவர் செயலையே சோதிக்கட்டும். இரு தரப்பினரையும் ஒரே கண்டிப்புடன் கேட்டாரா? விடை மழுப்பலாக இருந்தபோது இருவரையும் ஒருபோலத் தொடர்ந்து வினவினாரா? கேள்வியில் அடங்கிய செய்திகள் மெய்யானவையா? தம் நலன் தொடர்புடையதாயின் அதை முன்னரே வெளியிட்டாரா? இவற்றுக்கெல்லாம் பதிவைப் பார்த்து விடை சொல்லலாம். இன்னும் எளிய சோதனை ஒன்றுண்டு: தரப்பினரை இடம் மாற்றி வைத்துப் பார்ப்பது. நமக்குப் பிடிக்காத தலைவரிடம் அதே கேள்வி கேட்கப்பட்டிருந்தால் நாம் கைதட்டியிருப்போமா என்று எண்ணிப் பார்த்தால், குறை நெறியாளரிடம் இருக்கிறதா, நம்மிடம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

2024 ஜூன் 26 அன்று, பிரிட்டிஷ் பொதுத்தேர்தலுக்கு முன், நாட்டிங்ஹாம் நகரில் பிரதமர் ரிஷி சூனக்கும் எதிர்க்கட்சித் தலைவர் கியர் ஸ்டார்மரும் வாதிட்டார்கள். நெறியாளர் அதே மிஷல் ஹுசைன். பிறப்பைக் கணக்கிடுவோர் அன்று என்ன கணக்கிட்டிருப்பார்கள்? சூனக் இந்திய வமிசத்தவர். நெறியாளர் பாகிஸ்தானிய வமிசத்தவர். ஆகையால் பகை என்பார்களா? சூனக்கின் பாட்டனாரின் ஊராகிய குஜ்ரான்வாலா இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. ஹுசைனின் முன்னோர் பிரிவினைக்கு முற்பட்ட ஒன்றுபட்ட இந்தியாவில் வாழ்ந்தவர்கள். அப்படியானால் உறவு என்பார்களா? 1947-ல் வரையப்பட்ட கோடு ஒன்றைக்கொண்டு, 2024-ல் நடந்த விவாதத்தின் நடுநிலையை அளக்க முடியாது. அன்று பிரிட்டிஷ் வாக்காளருக்கு வேண்டியிருந்தவை வரி, மருத்துவம், குடியேற்றம் ஆகியவற்றைப் பற்றிய தெளிவான விடைகள். அவற்றைப் பெற்றுத் தருவதே நெறியாளரின் வேலை.

மொழியாலும் மதத்தாலும் பலவாகப் பிரிந்து வாழும் நம் நாட்டில், இக்கருத்து ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடலாகாது. இன்று எவருடைய பெயரைக் கேட்டவுடனே அவர் எந்தப் பக்கம் என்று முடிவு கட்டிவிடுகிறோமோ, நாளை அவர்களும் நம் பெயரைக் கேட்டு அவ்வாறே முடிவு கட்டுவார்கள். அதன்பின் இரு சாராருக்கும் பொதுவான நடுவர் ஒருவரைத் தேடினாலும் கிடைக்கமாட்டார். அடுத்த முறை ஒரு விவாதத்தைக் கேட்க அமரும்போது, கேள்வி கேட்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பதற்குமுன், அவர் கேட்ட கேள்விக்கு விடை வந்ததா என்று கவனிப்போமாக.