மகன் கேட்கும் கணினி



செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், சில காலத்துக்கு முன்பு நம்மைத் தேடி வந்தார். கையில் கணினிக் கடை ஒன்றின் விளம்பரத் தாள் இருந்தது. "ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க. பையன் இதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். இதுல கேமும் விளையாடலாமாம், கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிச் சம்பாதிக்கவும் செய்யலாமாம். சேமநிதியில மூணாவது கணக்குல இருக்கிற பணத்தை எடுத்துடலாமான்னு பார்க்கிறேன்" என்றார்.

ஊழியர் சேமநிதியில் 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கப்பட்ட அந்த மூன்றாவது கணக்கை நீங்கள் அறிவீர்கள். 55 வயதுவரை காத்திராமல், தேவைப்படும்போது அதிலிருந்து பணம் எடுக்கலாம். எடுப்பது எளிது; ஆனால் அது உடம்பு ஓய்ந்த பிறகு உண்பதற்கென்று வைத்த பணம். ஆகவே, அந்தப் பணத்தைக் கொண்டு வாங்கும் பொருள் எப்படிப்பட்டது என்று திறந்து பார்த்துவிட வேண்டும் என்று நமக்குப் பட்டது. அன்று அவரோடு உட்கார்ந்து பார்த்ததைத்தான் இன்று உங்களோடும் பேசப் போகிறோம்.

விளம்பரத் தாளில் கண்ணாடிப் பெட்டி ஒன்று. உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்குகள், தைப்பூச இரதம் போல் மின்னின. விலை 3,999 வெள்ளி. கீழே பொடி எழுத்தில் இருந்ததுதான் நாம் படிக்க வேண்டிய பகுதி. ரேம் 8 ஜி.பி., சேமிப்புக்கு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை 600 வாட். அந்தப் பவர் சப்ளையைச் செய்த நிறுவனத்தின் பெயர் எங்குமே இல்லை. விளக்குக்குக் கொடுத்த பணம் வேலை செய்யும் உறுப்புகளுக்குப் போகவில்லை என்பது தெரிந்தது.

கடைக்குப் போகுமுன், மகனைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டோம். என்ன விளையாட்டு விளையாடப் போகிறாய்? எந்த வீடியோவை, எந்த மென்பொருளில் தொகுக்கப் போகிறாய்? பையன் நல்ல பையன், ஒளிவுமறைவின்றிச் சொன்னான். விளையாட்டு பெரும்பாலும் வேலரண்ட். தொகுப்பு வேலை அத்தைமகனுடைய கேமராவில் எடுக்கும் திருமணங்களும் கோயில் திருவிழாக்களும். மென்பொருள் டாவின்சி ரிசால்வ். அதன் இலவசப் பதிப்பே 4கே அளவு வரையிலான படங்களை வெளியிடும் என்பதால், மாதச் சந்தா எதுவும் தேவையில்லை. இந்தப் பதில்கள் கிடைத்த பிறகு பாதிக் குழப்பம் தீர்ந்தது. வேலரண்ட் போன்ற விளையாட்டுகள் சாதாரண வலிமையுள்ள கணினியிலேயே ஓடும். வலிமை வேண்டியது வீடியோ வேலைக்குத்தான்.

இனி, பெட்டிக்குள் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்ப்போம். விளையாட்டில் பெரும் பாரம் கிராஃபிக் கார்டு என்னும் வரைகலை அட்டையின் மேல் விழுகிறது. அதற்கு அடுத்துத்தான் செயலி. வீடியோ தொகுப்பில் பாரம் பரவலாக விழும். செயலிக்கும் வேலை, ரேமுக்கும் வேலை, சேமிப்புக்கும் வேலை. டாவின்சி ரிசால்வ் நிறம் திருத்துவதற்கும் காட்சி வித்தைகளுக்கும் வரைகலை அட்டையை நிறையவே நம்பியிருக்கிறது. எனவே, "விளையாட்டுக் கணினி" என்று எழுதியிருப்பதெல்லாம் தொகுப்புக்கும் ஏற்றது என்று எண்ணிவிட வேண்டாம்.

வரைகலை அட்டையில் ஒரு நுணுக்கம் உண்டு. நம்மவர் பலர் ஏமாறுவது இங்கேதான். அட்டைக்குள்ளேயே தனி நினைவகம் இருக்கும். ஒரே பெயருள்ள அட்டை இரண்டு அளவில் விற்கப்படும். என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 4060 டி.ஐ. என்ற அட்டை 8 ஜி.பி., 16 ஜி.பி. என இரு வகையாக வந்தது. 2025 ஆம் ஆண்டில் வந்த 5060 டி.ஐ. அட்டையும் அவ்வாறே. அதற்கும் முந்திய ஆர்.டி.எக்ஸ். 3060 அட்டையில் 12 ஜி.பி., 8 ஜி.பி. என இரு வகை. கடைத் தாளில் பெயரை மட்டும் போட்டுவிட்டு அளவைச் சொல்லாமல் விட்டிருந்தால், கேட்காமல் நகராதீர்கள். விளையாட்டுக்கு 8 ஜி.பி. பலவற்றில் போதும். 4கே வீடியோவில் நிறம் திருத்தும்போது அந்த நினைவகம் நிரம்பிவிட்டால் மென்பொருள் வேலையை நிறுத்திவிடும். வேகம் குறைவதோடு போகாது. ஆகையால் தொகுப்பு வேலை உறுதியென்றால் 12 அல்லது 16 ஜி.பி. உள்ளதைத் தேடுவது நல்லது.

செயலியைப் பொறுத்தவரை, ஆறு கருக்கள் உள்ளது தொடங்குவதற்குப் போதும். எட்டும் அதற்கு மேலும் இருந்தால் தொகுப்பில் வேகம் கூடும். இண்டெல் செயலியின் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் உள்ளமைந்த வரைகலைப் பகுதி இல்லை என்று பொருள். கைப்பேசியும் கேமராவும் சுருக்கிப் பதிவு செய்யும் வீடியோவை விரித்துக் காட்டுவதில் அந்தப் பகுதி பெருந்துணை செய்யும். சில வெள்ளி மிச்சம் என்று 'எஃப்' வகையை வாங்கினால் அந்தத் துணை போய்விடும். வரைகலை அட்டை பழுதாகிக் கடைக்குப் போனாலும் திரையில் ஒன்றும் தெரியாது. இண்டெல் என்றதும் நினைவு வருகிறது. அந்நிறுவனம் 1972 ஆம் ஆண்டிலேயே பினாங்கில் தொழிற்சாலை திறந்தது. பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குத் தோட்டத்துப் பெண்களும் வேலைக்குப் போனார்கள். கணினியின் உள்ளுறுப்புகள் நமக்கு அந்நியமானவை என்று கூச்சப்படத் தேவையே இல்லை.

ரேம் விளையாட்டுக்கு 16 ஜி.பி., தொகுப்புக்கு 32 ஜி.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரேம் விலை வெகுவாக ஏறிற்று. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதே காரணம். ஆகவே பழைய விலைப்பட்டியலை நம்பாமல், வாங்கும் வாரத்தில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். 32 வாங்க முடியாவிட்டால், நான்கு செருகுமிடம் உள்ள தாய்ப்பலகை எடுத்து, இப்போது 8 ஜி.பி. பட்டை இரண்டு போட்டுக்கொள்ளலாம். ஒற்றைப் பட்டையாகப் போடுவதைவிட இணையாகப் போடுவது வேகம். பிறகு வருமானம் வந்தால் கூட்டிக்கொள்ளலாம். மடிக்கணினியைவிட மேசைக் கணினியில் நமக்குள்ள பெரிய வசதி இதுவே. வீட்டுக்கு ஓர் அறையைப் பிறகு இழுத்துக் கட்டுவது போல, பகுதி பகுதியாக வளர்க்கலாம்.

சேமிப்பு பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல கேமரா ஒன்று வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரப் பதிவு 45 ஜி.பி. ஆகும். ஒரு திருமணத்துக்கு இரண்டு கேமரா, ஒவ்வொன்றிலும் நான்கு மணி நேரம் என்றால் மொத்தம் 360 ஜி.பி. விளம்பரத் தாளில் இருந்ததோ 256 ஜி.பி.; அதிலும் விண்டோஸும் விளையாட்டுகளும் இடம் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு கல்யாணம்கூட அந்தப் பெட்டிக்குள் நுழையாது! இதைச் சொன்னபோது பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. குறைந்தது 1,000 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வேண்டும், முடிந்த வேலைகளைப் போட்டு வைக்க மலிவான ஹார்ட் டிஸ்க் ஒன்று வேண்டும். பிறர் வீட்டுத் திருமணப் பதிவை ஒரே இடத்தில் மட்டும் வைத்திருப்பது ஆபத்து. தாலி கட்டியதை மறுபடி படமெடுக்க முடியாது.

கணினி சற்று வலிமை குறைந்ததாக இருந்தாலும் கவலை வேண்டாம். பெரிய வீடியோவுக்குச் சிறிய நகல் ஒன்றை மென்பொருளே செய்து கொடுக்கும். ப்ராக்ஸி என்பார்கள். சிறிய நகலில் வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் பெரியதை வெளியிடலாம்.

பவர் சப்ளையில் கஞ்சத்தனம் செய்யவே கூடாது என்பது நம் அழுத்தமான கருத்து. மின்சாரத்தை மாற்றி எல்லா உறுப்புகளுக்கும் ஊட்டுவது அது. தரமற்றதாக இருந்து வெடித்தால், தன்னோடு மற்றவற்றையும் கொண்டுபோகக்கூடும். அறிமுகமான நிறுவனத்தின் பெயரும் உத்தரவாத ஆண்டும் அட்டைப் பெட்டியில் இருக்க வேண்டும். தோட்டப்புறத்தில் மாலை நேர இடியைச் சொல்லவே வேண்டாம். வானம் கறுத்தால் மின்செருகியைக் கழற்றுங்கள். இணையக் கம்பியையும் கழற்றுங்கள். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தகரக் கூரை வீட்டில் பகலில் வெப்பம் அதிகம். ஆகவே முன்புறம் முழுக்கக் கண்ணாடியால் அடைத்த பெட்டியைவிட, காற்றுப் புகும் வலைமுகப்புப் பெட்டி உகந்தது. மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள்.

பழைய அலுவலகக் கணினி மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். பள்ளிப் பாடத்துக்கு அது நல்லதே. ஆனால் விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இண்டெல் செயலியானால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பின்னதோ வேண்டும். மேலும், ஒல்லியான அலுவலகப் பெட்டிகளில் பெரிய வரைகலை அட்டை நுழையாது. பவர் சப்ளையும் தாங்காது.

திரை, விசைப்பலகை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 24 அங்குல ஐ.பி.எஸ். வகைத் திரை நிறத்தைச் சரியாகக் காட்டும். ஆனால் ஒன்று. திரையின் கம்பியை வரைகலை அட்டையில் செருக வேண்டும். தாய்ப்பலகையில் செருகிவிட்டு, "இவ்வளவு காசு போட்டும் ஓடமாட்டேன் என்கிறதே" என்று மூன்று மாதம் வருந்திய குடும்பத்தை நாம் அறிவோம்.

இனிப் பணத்துக்கு வருவோம். அதே கடையில் தவணை முறையும் இருந்தது. மாதம் 219 வெள்ளி, 24 மாதம். கேட்க இலேசாக இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 5,256 வெள்ளி. ரொக்க விலையைவிட 1,257 வெள்ளி கூடுதல். நல்ல வரைகலை அட்டைக்கு உதவக்கூடிய பணம் அது. "மாதம் எவ்வளவு" என்று கேட்பதோடு நிற்காமல் "மொத்தம் எவ்வளவு" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ரசீதில் ஒவ்வோர் உறுப்பின் பெயரும் எண்ணும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். "கேமிங் கணினி ஒரு செட்" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். உள்ளே வேறொன்று இருந்தால் பிறகு நிரூபிக்க இயலாது. கடைக்காரர் பொறுப்பேற்க மறுத்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் முறையிடலாம். வழக்கறிஞர் தேவையில்லை; 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். ஆனால் ரசீது இல்லாமல் அங்கே போய் என்ன பேசுவது?

நண்பர் குடும்பம் அந்தக் கண்ணாடிப் பெட்டியை வாங்கவில்லை. மூன்று மாதம் தள்ளிப் போட்டார்கள். பையன் வார இறுதிகளில் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்துப் பாதிப் பணம் சேர்த்தான். மீதியை மட்டும் தந்தையார் மூன்றாம் கணக்கிலிருந்து எடுத்தார். ஆறு கருக்கள் உள்ள செயலி, 16 ஜி.பி. ரேம், 12 ஜி.பி. நினைவகமுள்ள வரைகலை அட்டை, 1,000 ஜி.பி. எஸ்.எஸ்.டி., விளக்கே இல்லாத கறுப்புப் பெட்டி. "இது பார்க்க அலமாரி மாதிரி இருக்கே" என்று தங்கை கேலி செய்தாளாம். முதல் வேலையாகத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவைத் தொகுத்துக் கொடுத்தான். கோயில் குழுவினர் கொடுத்த பணம் ஹார்ட் டிஸ்க்காக மாறியது. விளையாடுவதையும் விட்டுவிடவில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் அந்தப் பெட்டியின் விசிறிச் சத்தம் கேட்கக் கூடாது என்பது தாயாரின் உத்தரவு. அப்பாவுக்குக் காலை ஐந்தரைக்குப் பெரட்டு இருக்கிறதல்லவா?