களையும் பயிரும்: இருவராய்க் கண்ட அயல்நாடுகள்

(மதுரையில் நடந்த திங்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று யான் இலக்கணம் பேச வரவில்லை. இலக்கியச் சுவை காட்டவும் வரவில்லை. முப்பதாண்டுகளாகக் கரும்பலகையின் முன் நின்று தமிழ் கற்பித்து வருபவன், தன் துணைவியாருடன் கடல் கடந்து சென்று கண்டவற்றை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வந்துள்ளேன். இதில் மகிழத்தக்கனவும் உண்டு, குத்துவனவும் உண்டு. குத்துவன பெரும்பாலும் என்னையே குத்துவன.

"பள்ளியாசிரியனுக்கு அயல்நாட்டுப் பயணம் எதற்கு?" என்று வினவியவர் உண்டு. கொச்சியில் சிறு தேநீர்க்கடை நடத்திய விசயன், மோகனா என்னும் இணையரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாள்தோறும் கடை வருவாயில் ஒரு பகுதியை எடுத்து வைத்தனர். போதாததற்குக் கடன் பெற்றனர். சென்று திரும்பிக் கடனை அடைத்தபின் அடுத்த பயணத்துக்கு அணியமாயினர். இவ்வாறே இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கண்டனர். விசயன் 2021 நவம்பரில் மறைந்தார். "தேநீர் ஆற்றிய கைக்கு உலகம் எட்டுமானால், சுண்ணக்கட்டி பிடித்த கைக்கு எட்டாதா?" என்று முதலில் கேட்டவர் என் துணைவியாரே.

அவர் மேலூர்ப் பக்கத்து உழவர் வீட்டுப் பெண். பெரியாற்றுக் கால்வாய் நீர் பாயும் வயலில் நாற்று நட்டு வளர்ந்தவர். புறப்படும் முன் எனக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தார்: "போகிற இடத்தில் கண்ணால் பாருங்கள், உங்கள் நூலால் பார்க்காதீர்கள்." அவ்வெச்சரிக்கையின் பொருள் பின்னரே எனக்கு விளங்கிற்று.

2023 கோடை விடுமுறையில் சிங்கப்பூரும் மலேசியாவும் சென்றோம். மறு ஆண்டுக் கோடையில் மொரீசியசுத் தீவுக்குச் சென்றோம்.

முதலில் சிங்கப்பூர். வானூர்தி நிலையத்தில் இறங்கியதுமே அறிவிப்புப் பலகையில் தமிழ்! மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு நம் மொழியும் அந்நாட்டின் ஆட்சிமொழி. தொடர்வண்டி நிலையத்தில் தமிழ் ஒலித்தபோது என் உடல் சிலிர்த்தது. 1935-இல் கோ. சாரங்கபாணியார் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் நாளிதழாய் வருகிறது. பள்ளியில் தமிழ்ப்பிள்ளைகள் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் கற்கின்றனர். ஏப்பிரல் தோறும் தமிழ்மொழி விழா நடைபெறுகிறது. இவையெல்லாம் கண்டு யான் பூரித்து நிற்க, என் துணைவியார் வேறொன்றைக் கண்டார்.

ஓர் உணவங்காடியில் எங்கள் அருகே ஒரு தமிழ்க் குடும்பம் அமர்ந்திருந்தது. தாய் தமிழில் கேட்கிறார். ஆறேழு அகவை மகள் ஆங்கிலத்தில் விடையிறுக்கிறாள். தாய் மறுபடியும் தமிழில் சொல்கிறார். மகள் மறுபடியும் ஆங்கிலம். சிறிது பொழுதில் தாயும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். "பார்த்தீர்களா? யாரும் அடிக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை, தானே நழுவிவிட்டது" என்றார் என் துணைவியார். அந்நாட்டுக் குடிக்கணக்கும் அவர் கண்டதையே சொல்கிறது. வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010-இல் நூற்றுக்கு 3.3, 2020-இல் 2.5. அதே பத்தாண்டில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் 32.3-இலிருந்து 48.3 ஆகப் பெருகினர். அரசு அரியணை தந்தும் அடுப்படியில் தமிழ் குறைகிறது.

அந்நாட்டாரின் ஒழுங்கைப் பற்றியும் ஒரு சொல். உண்டவரே தம் தட்டை உரிய இடத்தில் வைத்துவிட்டுச் செல்லவேண்டும் என்பது அங்கே சட்டம். யானும் எடுத்து வைத்தேன். "முப்பதாண்டாக வீட்டில் எடுக்காத தட்டு, சட்டம் வந்ததும் எழுந்துவிட்டதே!" என்றார் என் துணைவியார். சிரித்து மழுப்பினேன். எனினும் எழுபதைக் கடந்த மூதாட்டியர் மேசை துடைத்துக்கொண்டிருந்த காட்சி எங்கள் இருவர் நெஞ்சையும் உறுத்தியது. செல்வம் கொழிக்கும் நாட்டிலும் முதுமைக்கு ஓய்வு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

அடுத்து மலேசியா. என் துணைவியாரின் பாட்டனாருக்கு இளையவர் ஒருவர், நாகையில் இரசூலாக் கப்பலேறி மலையகத்து இரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர், திரும்பவில்லை. 1942-43-இல் சப்பானியர் சயாம்–பர்மா தொடர்வண்டிப் பாதை அமைக்க இழுத்துச் சென்ற தமிழர் பல்லாயிரவர் காட்டிலேயே மாண்டனர். அவர்களுள் ஒருவராகாமல் பிழைத்த அப்பெரியவரின் பெயரன், இன்று பினாங்கில் சரக்குந்து ஓட்டுகிறார். அவர் வீட்டில் நான்கு நாள் தங்கினோம்.

முதல்நாள் விடியலில் அவர் கேட்டார்: "அக்கா, பசியாறினீர்களா? அத்தான் பசியாறிவிட்டாரா?"

என் துணைவியாரின் கண்கள் கலங்கிவிட்டன. அது அவருடைய பாட்டியின் சொல். மேலூர்ப் பக்கத்தில் அவர் அதைக் கேட்டு நாற்பதாண்டு ஆயிற்று. நம் மதுரையில் "டிபன் ஆயிற்றா?" என்கிறோம். நாம் தொலைத்த சொல்லை, எழுதப்படிக்கத் தெரியாத ஒரு தோட்டத் தொழிலாளி மடியில் முடிந்து கடல் கடந்து கொண்டுபோய்க் காத்திருக்கிறார்.

அவர் மகன் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறான். பினாங்கில் 1816-இல் தொடங்கிய தமிழ் வகுப்பு, இன்று நாடெங்கும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளாய்க் கிளைத்துள்ளது. ஆயினும் அப்பள்ளிகள் தொடக்கநிலை ஆறாண்டோடு நின்றுவிடுகின்றன. இடைநிலைப் பள்ளி மலாய்மொழியில். அங்குத் தமிழ் அரசு மொழியும் அன்று. இருந்தும் அச்சிறுவன் வீட்டில் தமிழ் பேசுகிறான். தமிழ் நாளிதழைத் தந்தைக்குப் படித்துக் காட்டுகிறான்.

பினாங்குத் தெருக்களில் கடைதோறும் 'கெடாய்' என்று எழுதியிருந்தனர். மலாய்மொழியில் கடைக்கு அதுவே பெயர். கப்பல் அங்கே 'காப்பல்', கட்டில் 'காத்தில்', குளம் 'கோலம்'. பண்டை வணிகர் வழியே போய்க் குடியேறிய நம் சொற்கள். ஒருநாள் வாடகை வண்டியில் சென்றபோது, ஓட்டுநரான மலாய் இளைஞரிடம், "கெடாய் என்பது எங்கள் சொல், தெரியுமா?" என்று பெருமையோடு சொன்னேன். அவர் வியந்து, "அப்படியா! உங்கள் ஊரிலும் கடைப்பலகையில் இப்படித்தான் எழுதியிருப்பீர்களோ?" என்று கேட்டார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. எங்கள் தெருவின் பலகைகள் ஒவ்வொன்றாய்க் கண்முன் வந்தன. 'சுடோர்சு', 'மார்ட்டு', 'சென்டர்' எனத் தமிழ் எழுத்தில் ஆங்கிலம். பலகையில் தமிழே முதன்மையாய் நிற்கவேண்டும் என்னும் விதி நம் மாநிலத்தில் பல்லாண்டாக உண்டு. கடை மட்டும் இல்லை.

அன்றிரவு என் துணைவியார் ஒரு வினாவை எழுப்பினார். "மலாய்க்காரர் நம் சொல்லை எடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்தும் 'தெக்சி' என்றும் 'யுனிவெர்சித்தி' என்றும் எடுத்துத் தம் வழக்கப்படி எழுதிக்கொள்கிறார்கள். அவர்கள் மொழி அழிந்துவிடவில்லையே? நீங்கள் மட்டும் பிறமொழிச் சொல்லைக் கண்டால் ஏன் இவ்வளவு கொதிக்கிறீர்கள்?"

அன்பர்களே! இவ்வினாவை நம் மேடைகளில் நாம் கேட்டுக்கொள்வதில்லை. யான் அன்று சொன்ன விடை இது: மலாய்க்குப் பின்னால் ஓர் அரசு நிற்கிறது. 1956-இலேயே மொழிக்கும் நூலுக்கும் தனிக் கழகம் கண்டனர். பள்ளியையும் பல்கலைக்கழகத்தையும் தம் மொழிக்குக் கொண்டுவந்தனர். சொந்த வீட்டில் இருப்பவன் பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி கைம்மாற்று வாங்கலாம். நாமோ குதிர் நிறைய நெல் வைத்துக்கொண்டு கையேந்துகிறோம். இல்லாததற்குச் சொல் கொள்வது வேறு. இருக்கும் கடையை இடித்துவிட்டு 'மார்ட்டு' வைப்பது வேறு.

அவர் பொறுமையாய்க் கேட்டார். பின்னர்ச் சொன்னார்: "சரி, களை எடுக்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் ஊரில் நாற்று நட்ட பிறகுதான் களை எடுப்போம். நட்டீர்களா?"

அப்பொழுது எனக்கு விடை கிடைக்கவில்லை. மறு ஆண்டு மொரீசியசில்தான் அவ்வினாவின் முழு ஆழமும் புலப்பட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞராய்த் தமிழர் அத்தீவுக்குச் சென்றனர். அடிமைமுறை ஒழிந்த 1830-களுக்குப் பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய் மேலும் சென்றனர். தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. ஏழாம் உலகத் தமிழ் மாநாடு 1989-இல் அங்கேதான் நடந்தது. அந்நாட்டுப் பணத்தாளிலும் தமிழ் உண்டு. 1998-இல் வெளியிட்ட புதிய தாள்களில் தமிழைக் கீழிறக்கித் தேவநாகரி எழுத்தை மேலேற்றியபோது, அங்குள்ள தமிழர் கொதித்தெழுந்தனர். அரசு அத்தாள்களையே திரும்பப் பெற்று, தமிழைப் பழைய இடத்தில் வைத்து மீண்டும் அச்சிட்டது. இதைப் படித்திருந்த யான், அம்மண்ணை வணங்கும் நெஞ்சோடு இறங்கினேன்.

தலைநகர் போர்ட் லூயியில் ஒரு துணிக்கடை. கடைக்காரர் பெயர் நல்ல தமிழ்ப் பெயர், நெற்றியில் திருநீறு. நூறு உருபாத் தாளை நீட்டினேன். அதில் அச்சிட்டுள்ள உருவமும் தமிழ்வழி வந்த அரசியல் தலைவர் இரெங்கநாதன் சீனிவாசனாருடையது. கடைக்காரர் தாளை வாங்கி, தமிழ் எழுத்தின்மேல் விரலை வைத்து, ஆங்கிலத்தில் கேட்டார்: "நீங்கள் தமிழகத்தவர்தாமே? இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துக் காட்டுங்கள்."

படித்தேன். 'நூறு' என்று அவர் இருமுறை சொல்லிப் பார்த்தார். குழந்தை சொல்வது போல் இருந்தது. "இதற்காக என் தந்தை தெருவில் நின்று போராடினார்" என்றார். அவர் வீட்டில் பேசுவது கிரியோல்மொழி. கோயிலில் பாடும் தமிழ்ப் பாட்டும் உரோமன் எழுத்தில் எழுதிய தாளைப் பார்த்தே பாடுவதாகச் சொன்னார். குடிக்கணக்கில் 'தமிழ்' என்பதைச் சமயத்தின் பெயராகவே பலர் பதிகின்றனர்.

அம்மக்களை இகழ்ந்து இதைச் சொல்லவில்லை. ஏழெட்டுத் தலைமுறை பேரும் நீறும் காவடியும் காத்த அவர்கள் நம் வணக்கத்துக்குரியோர். ஆனால் தாளில் ஏறிய தமிழ் நாவில் ஏறவில்லை என்பது உண்மை. திரும்பும் வழியில் என் துணைவியார் ஒன்றும் பேசவில்லை. யானே கணக்கிட்டுப் பார்த்தேன். சிங்கப்பூரில் அரசு உண்டு, பள்ளி உண்டு, வீடு நழுவுகிறது. மொரீசியசில் மதிப்பு உண்டு, நா இல்லை. மலேசியாவில் அரசு இல்லை. வீடும் தொடக்கப்பள்ளியும் உண்டு, தமிழும் உண்டு. அரசும் பள்ளியும் வீடும் ஒருங்கே உள்ள மண் நம் மண். இங்கே தமிழ் எவ்வாறு உள்ளது?

இனி என்னைக் குத்துவது. எங்கள் பெயரனுக்கு அப்போது அகவை ஐந்து. ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கிறான். அவனை அங்கே சேர்க்கும்போது மகன் என்னைக் கேட்டான். 'டிபன்' என்னும் சொல்லைக் கடிந்து கட்டுரை எழுதிய யான், அன்று வாய்மூடி இருந்தேன். ஊர் திரும்பியதும் அந்தப் பணத்தாளை அவனிடம் காட்டினேன். படங்களைப் பார்த்தான், தமிழ் எழுத்தின்மேல் விரலை வைத்து, "தாத்தா, இது என்ன?" என்று கேட்டான். போர்ட் லூயிக் கடைக்காரர் விரல் வைத்த அதே இடம். அவர் கடல் கடந்து இருநூறு ஆண்டுகளில் அடைந்த நிலையை, என் பெயரன் வைகைக்கரையிலேயே, தமிழாசிரியன் வீட்டிலேயே, ஐந்தாண்டில் அடைந்துவிட்டான்.

மகனிடம் பேசினேன். அவன் சினக்கவில்லை. "அப்பா, நீங்கள் கற்பிக்கும் பள்ளியிலேயே தமிழ்வழி வகுப்பில் பிள்ளைகள் குறைந்துவரவில்லையா? நாளை அவன் பிழைப்புக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டான். கேட்பதில் பொருளுண்டு. தமிழ் படித்தவனுக்கு வேலை தர வேண்டிய அரசும் நிறுவனங்களும் அவ்வினாவுக்கு விடை சொல்லும்வரை, பெற்றோரை மட்டும் பழித்துப் பயனில்லை. அப்போராட்டத்தை நாம் விடப்போவதில்லை. ஆனால் அதற்காகக் காத்திருக்கும் பத்தாண்டில் நாற்றங்கால் காய்ந்துவிடும்.

எனவே என் துணைவியார் நடவைத் தொடங்கினார். மாலைதோறும் ஒரு மணிப்பொழுது. முதலில் கதை, பிறகு எழுத்து. விடியலில் அவனை எழுப்பி, "பசியாறினாயா?" என்று கேட்பார். யான் வீட்டில் சொல் திருத்துவதைச் சிறிது நிறுத்தியுள்ளேன். பயிர் கொஞ்சம் நிமிரட்டும். களைக்கொட்டு என் கையில்தான் இருக்கிறது.

உங்களை யான் வேண்டுவதும் இதுவே. நம் இயக்கம் களையெடுக்கும் இயக்கம். அது வேண்டும், இன்னும் வலுவாக வேண்டும். ஆயினும் இக்கூட்டம் முடிந்து வீடு செல்லும் ஒவ்வொருவரும், தம் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு தமிழ்த் தாளை நீட்டிப் படிக்கச் சொல்லுங்கள். படித்தால் நமக்கு வெற்றி. படிக்காவிடில் நாளை மாலையே நடவைத் தொடங்குங்கள்.

சென்ற திங்கள் பெயரனோடு கீழமாசி வீதியில் நடந்தேன். ஒரு பழைய பலகையின் முன் நின்றான். எழுத்தெழுத்தாய்க் கூட்டினான்: "ப-ல-ச-ர-க்-கு-க்... கடை!" பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்: "தாத்தா, இது நம் சொல்லா?"

நம் சொல்தான், தம்பி.

வாழ்க தமிழ்!