வலி ஒருவருக்கு, பொறுப்பு இருவருக்கு

(பழைய மாணவர் சந்திப்பில் மகளிர் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



'குடும்ப நலம்' பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். ஆணும் பெண்ணும் சேர்ந்து அமர்ந்திருக்கும் சபை என்பதால் எண்டோமெட்ரியோசிஸ் பற்றிப் பேசுகிறேன்.

கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் குடலின் மேலும் வளர்வதே இந்நோய். அதனால் உள்ளே அழற்சியும் தழும்பும் உண்டாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். சூலகத்தில் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியானால் அதுதான் 'சாக்லேட் சிஸ்ட்'. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு இது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "எல்லாப் பொண்ணுக்கும் வர்றதுதானே, கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்." கல்யாணமும் ஆகிறது. "ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்." இரண்டுமே மருந்தல்ல. இப்படித் தவணை சொல்லியே, நோய் இன்னதென்று தெரிய 4 முதல் 12 ஆண்டுகள்கூட ஆகிவிடுகின்றன.

தாம்பத்திய உறவின்போதும் பலருக்கு வலிக்கும். அவள் வெளியே சொல்வதில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி விலகுகிறாள். "என்னைப் பிடிக்கலை போலிருக்கு" என்று அவன் நினைக்கிறான். நோயை விட இந்த மௌனம்தான் பல வீடுகளைக் குலைக்கிறது.

இங்கிலாந்தில் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 தம்பதிகளிடம், கணவன் மனைவி இருவரையும் தனித்தனியே பேட்டி கண்டார்கள். ஆண்களும் கவலை, கோபம், கையாலாகாத தவிப்பு எல்லாம் பட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஆகவே கணவன்மாரே, ஃபைலை வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்காராதீர்கள். மனைவி சம்மதித்தால் டாக்டர் அறைக்குள் வாருங்கள். எந்தத் தேதியில் வலித்தது, எந்த மாத்திரை கேட்டது என்று இருவருமாக ஒரு டைரியில் குறியுங்கள். மாத்திரை, ஹார்மோன் சிகிச்சை, லேப்ராஸ்கோபி என வழிகள் உண்டு. அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகும் திரும்பலாம். அதனால் "இன்னுமா சரியாகலை?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். வலிக்கும் நாளில் சமையலறைக்குள் நுழைவதும் வைத்தியம்தான்.

மனைவிமாரே, எது வலிக்கிறது, எது வலிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நெருக்கம் என்பது உறவு ஒன்று மட்டுமல்ல.

குழந்தைப் பேச்சு வரும்போது அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் மகன். இந்நோய் உள்ள பலருக்கு இயல்பாகவே கரு தரிக்கிறது. தாமதமானால் கணவனும் விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சூலகத்தில் ஆபரேஷன் என்றால், கருமுட்டை இருப்புக் குறையுமா என்று முன்கூட்டியே இருவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தங்கைகளே, மாதாமாதம் வகுப்புக்கு வர முடியாத அளவுக்கு வலித்தால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஸ்கேன் நார்மல் என்றாலும் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. தம்பிகளே, நாளை உங்கள் வீட்டில் ஒரு பெண் வலிக்கிறது என்றால், முதலில் நம்புங்கள். சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது.