பிள்ளை வேன் ஏறுது, வாத்தியார் பஸ் ஏறுறார்!

(ஒன்றிய விவசாயிகள் சங்கப் பொதுக்குழுவில் செயலாளர் ஆற்றிய உரை)

 

தண்ணி, உரம், கொள்முதல் விலை என்று பேசுற மேடையில் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறோம். "இது சங்கத்து வேலையா?" என்று சிலர் கேட்டார்கள். சங்கத்து வேலைதான்! நம்ம டெல்டாவில் ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்பது வழக்கம். அதே ஜூனில்தான் பள்ளிக்கூடமும் திறக்குது. குறுவைக்கு விதை வாங்க வைத்திருந்த பணம் மெட்ரிக் பள்ளிக்கு ஃபீஸாகப் போகுது. மிச்சத்துக்கு வீட்டுக்காரம்மா கழுத்துச் சங்கிலி நகைக்கடனுக்குப் போகுது. இது நம்ம கடன் பிரச்சினை இல்லையா?

குறையைச் சொல்லுமுன் நிறையைச் சொல்லிடுவோம். 1956-ல் காமராசர் மதிய உணவைத் தொடங்கினார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். அன்றைக்குத் தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளைகளில் பலபேர்தான் இன்றைக்குச் சங்கத் துண்டு போட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறோம். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. விடியக்காலம் நடவுக்குப் போகிற தாய்மார்கள், "புள்ள பசியோட கெடக்காது, அந்த நிம்மதி போதும்" என்கிறார்கள். புத்தகம், சீருடை எல்லாம் வருது. வாத்தியார் அடிக்கிறதில்லை, அன்பா இருக்கார் என்று பிள்ளைகளே சொல்லுது. இதெல்லாம் யாரும் போட்ட பிச்சை இல்லை. நம்ம வரிப்பணம், நம்ம உரிமை.

அப்புறம் ஏன் பிள்ளைகள் வேன் ஏறுது? கிளை தோறும் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். "அஞ்சாவது படிக்கிறான், பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான்" என்றார் ஒருவர். "ரெண்டு டீச்சர்ல ஒருத்தர் மீட்டிங், இன்னொருத்தர் செல்போன்ல எமிஸ் ஏத்திக்கிட்டிருக்கார், பாடம் யார் நடத்துறது?" என்றார் ஓர் அம்மா. "கக்கூஸ் கழுவ ஆளில்லை, பொம்பளப் புள்ள சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு வருது" என்றார் இன்னொரு தாய். ஆசிரியர் மேல் கோபம் இல்லை. ஆசிரியர் போதவில்லை என்பதுதான் கவலை.

கணக்கைப் பாருங்கள். 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். வகுப்போ ஐந்து! 61 பிள்ளை உள்ள பள்ளியில் ஒரே ஒரு பிள்ளை வேன் ஏறினால், அடுத்த பணிநிரவலில் ஒரு வாத்தியார் 'உபரி' என்று வேற ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். வாத்தியார் போனதைப் பார்த்து இன்னும் நாலு பிள்ளை வேன் ஏறும். நோஞ்சான் பயிருக்கு உரத்தை நிறுத்திவிட்டு, விளையவில்லை என்று வயலை விற்கிற கதை இது. கடைசியில் பள்ளிக்கூடத்துக்கே பூட்டு.

இன்னொன்று. தனியார் பள்ளி மூணரை வயசிலேயே எல்.கே.ஜி.யில் சேர்த்துக்குது. நம்ம ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு அஞ்சு வயசுக்கு. மூணரை வயசில் வேன் ஏறின பிள்ளை அஞ்சு வயசில் இறங்கி வருமா?

ஒரு உண்மையை மறைக்க விரும்பவில்லை. சங்க நிர்வாகிகளான நம்ம வீட்டுப் பிள்ளைகளே சிலது வேனில்தான் போகுது. பெத்தவங்களைக் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் ஆளுக்கு ஆள் தனியாகத் தப்பிக்கப் பார்த்தால், அரை ஏக்கர்காரனும் கூலிக்காரனும் பிள்ளையை எங்கே அனுப்புவான்?

சட்டம் நம் கையிலேயே ஒரு சாவியைக் கொடுத்திருக்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும். நாமோ கூட்டத்துக்குப் போகாமல், நோட்டு வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோம். இனி அப்படி வேண்டாம். கூட்டத்தில் உட்கார்ந்து தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 கிராமசபைகளிலும் அதே தீர்மானத்தைப் போடுங்கள்.

நமது கோரிக்கைகள்:

1. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் நியமனம் செய்!
2. எண்ணிக்கையைக் காட்டி ஆசிரியரை எடுக்காதே, பள்ளியை மூடாதே!
3. ஊர்ப் பள்ளியிலேயே எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கு!
4. எமிஸ் பதிவுக்கும் கழிவறைத் துப்புரவுக்கும் தனித்தனி ஊழியர் போடு!
5. உயர்நிலைப் பள்ளி நேரத்துக்கு அரசுப் பேருந்து விடு!

தீர்மானங்களுக்குப் பதில் வராவிட்டால், அந்த நகல்களோடு வட்டாரக் கல்வி அலுவலகம் முன்பு குடும்பத்தோடு உட்காருவோம். சத்துணவுத் தட்டையும் கையில் எடுத்து வாருங்கள்!

வாய்க்காலைத் தூர்வார வைத்தது நாம்தான். பள்ளிக்கூடத்தையும் காப்போம்! ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!