தட்டுப்பாட்டில் திறந்த கதவு
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் தலைமுறையை வளர்த்தவற்றுள் துவிச்சக்கரவண்டியும் ஒன்று. அதில் ஏறிப் பெயர் பெற்ற ஒரு பெண்ணை இன்று நினைவுகூர விரும்புகிறோம்.

அல்ஃபொன்சீனா ஸ்ட்ராடா 1891இல் இத்தாலியில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1917, 1918ஆம் ஆண்டுகளில் லொம்பார்டி ஓட்டத்தில் ஆண்களோடு ஓடினார். 1924இல், நாட்டையே சுற்றிவரும் ஜிரோ டி இத்தாலியாவுக்குப் பெயர் கொடுத்தார். பணத் தகராறினால் பெரிய அணிகள் அவ்வாண்டு வரவில்லை. ஆள் குறைந்த இடத்தில் அவருக்கு அனுமதி கிடைத்தது.

12 கட்டங்கள், 3,613 கிலோமீற்றர். மழையில் விழுந்தெழும்பினார். கைபிடி முறிந்தபோது தும்புத்தடித் துண்டொன்றை வைத்துக் கட்டி ஓடினார். நேரம் பிந்தியதால் போட்டிக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். ஆனாலும் தொடர்ந்து ஓட விட்டார்கள். புறப்பட்ட 90 பேரில் 30 பேரே ஓட்டத்தை முடித்தனர். கணக்கில் இல்லாத அவரும் மிலான் வந்து சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு முன்னணி வீரர்கள் திரும்பினர். அவருக்கு அனுமதி இல்லை. பெண்களுக்கான ஜிரோ 1988இல்தான் தொடங்கியது.

இது நமக்குத் தெரிந்த கதைதான். 1990இல் தடை வந்து பெற்றோல் இல்லாமற் போனபோது குடாநாட்டை ஓடவைத்தது சைக்கிள். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் சைக்கிள்?" என்று கேட்ட வீடுகளும் வாங்கித் தந்தன. பள்ளிக்கும் ரியூசனுக்கும் ஓடினோம். 1995 இடப்பெயர்வில் மூட்டைகளை ஏற்றித் தென்மராட்சிக்கு உருட்டிச் சென்றோம். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது சைக்கிள்கள் மீண்டும் வெளியே வந்தன. வரிசை குறைந்ததும் பல திரும்பவும் மூலைக்குப் போயின.

வளரும் பிள்ளைக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிளினிக்குக்கு நீரிழிவோடு வரும் நம் வயதுப் பெண்களிடம் கடைசியாக எப்போது சைக்கிள் ஓடினீர்கள் என்று கேட்டால், "கலியாணத்துக்கு முன்னம், டொக்ரர்" என்கிறார்கள்.

வீதியைப் பற்றிய பெற்றோரின் பயம் நியாயமானது. அதற்கு வழி தலைக்கவசமும் விளக்கும் பயிற்சியும். மகளை வீட்டில் இருத்துவதல்ல. நம் சங்கம் இந்த நூற்றாண்டில் ஒரு சைக்கிள் தரிப்பிடத்தையும், தூரத்திலிருந்து வரும் மாணவியருக்குச் சில சைக்கிள்களையும் கொடுக்கட்டும். நாமும் ஓடுவோம். தட்டுப்பாட்டில் கிடைத்த உரிமையை வசதி வந்ததும் கைவிட வேண்டாம், சகோதரிகளே.