மருந்து மட்டும் போதுமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"முப்பது வருஷம் நூற்பாலையில் பணியாளர் அலுவலரா இருந்தவன், ஏதாவது வேடிக்கையா பேசுப்பா" என்றார் செயலாளர். நானே கேட்டு வாங்கிக்கொண்ட தலைப்பு வேறு: எச்.ஐ.வி. சிகிச்சை பெறுபவரால் வேலை செய்ய முடியுமா? இந்த அரங்கில் ஆலை நடத்துவோரும் ஆள் எடுப்போரும் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம்தான் இதைப் பேச வேண்டும்.

இந்தியாவில் இந்தத் தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை 1996-ல்தான் வந்தது. மேலை நாடுகளில் அதற்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவு. 2001-ல் நம் நாட்டு சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் நம் அரசு இலவசமாகவே தரத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்று.

இந்தக் கிருமி உடம்பின் காவற்படையான சி.டி.4 அணுக்களை அழிக்கிறது. அவை குறையக் குறையக் காசநோயும் வயிற்றுப்போக்கும் ஆளைப் படுக்கையில் தள்ளும். மருந்து கிருமியை அடக்கினால் அணுக்கள் மீண்டும் பெருகும், எடை ஏறும், கை கால்களுக்குத் தெம்பு வரும்.

மேற்குக் கென்யாவில் நடந்த ஓர் ஆய்வு 2008-ல் வெளியாயிற்று. சிகிச்சை தொடங்கி ஆறே மாதத்தில், வேலைக்குப் போவோர் 20 சதவீதம் கூடினார்கள். வாரத்தில் உழைக்கும் நேரம் 35 சதவீதம் கூடியது. அந்த வீட்டுச் சிறுவர்களின் வேலைச் சுமை குறைந்தது. அப்பா எழுந்தால் பிள்ளையின் தலைச்சுமை இறங்குகிறது!

ஆரம்ப கால மருந்துகளில் தொல்லையும் இருந்தது. ஸ்டாவுடின் சாப்பிட்டவர் சிலருக்குப் பாதம் மரத்துப்போகும். நாள் முழுதும் நின்று வேலை பார்ப்பவர் என்ன செய்வார்? ஜிடோவுடின் சிலருக்கு இரத்தசோகை தரும். மூட்டை தூக்க முடியாது. எஃபாவிரென்ஸ் தலைசுற்ற வைக்கும். இன்று டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒரு வேளை. தொல்லை மிகக் குறைவு. முன்பு சி.டி.4 நன்றாகக் குறைந்த பிறகே மருந்து தொடங்குவார்கள். 2017 முதல், தொற்று தெரிந்தவுடனே தொடங்குகிறார்கள். அதாவது, முன்பு விழுந்தவரைத் தூக்கினார்கள். இப்போது விழாமலே தாங்குகிறார்கள்.

அப்படியானால் சிக்கல் எங்கே? எங்கள் ஆலையில் ஒரு தொழிலாளி. நல்ல வேலைக்காரர். 2006-ல் மாதம் தவறாமல் ஒரு நாள் மட்டம் போடுவார். மூன்று முறை மெமோ கொடுத்தாயிற்று. "கணக்கை முடிச்சு அனுப்பிடலாம் சார்" என்றார் மேற்பார்வையாளர். நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மாத்திரை வாங்கப் போறேன் சார். இப்ப உடம்புக்கு ஒண்ணுமில்ல, எட்டு மணி நேரமும் நிப்பேன். ஆனா லீவு எதுக்குன்னு எழுத முடியாது சார்."

அவர் சம்மதத்தோடு ஆலை மருத்துவரிடம் மட்டும் சொன்னேன். 'வேலைக்குத் தகுதியானவர்' என்று எழுதிக் கொடுத்தார். அவருடைய வார விடுமுறையை மருத்துவமனை நாளுக்கு மாற்றினோம். அவ்வளவுதான்! ஆலைக்குப் பத்துப் பைசா செலவில்லை. பதினோரு வருஷம் வேலை பார்த்து, முறையாக ஓய்வு பெற்றார். உடம்பை மருந்து மீட்டது. வேலையைக் காப்பாற்றியது அந்த ஒரு நாள்.

சட்டமும் இதையே சொல்கிறது. வேலை செய்யத் தகுதியுள்ளவரை எச்.ஐ.வி.யைக் காட்டி விலக்கக் கூடாது என்று 1997-லேயே பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலைக்குச் சேர இந்தப் பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் புகார் அலுவலர் இருக்க வேண்டும். சேர்ந்து வேலை பார்ப்பதாலோ, ஒரே குழாயில் தண்ணீர் குடிப்பதாலோ இது தொற்றுவதே இல்லை.

நண்பர்களே, நாளை உங்கள் மேஜைக்கு இப்படியொரு லீவு விண்ணப்பம் வரலாம். காரணம் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். அந்த ஒரு நாளை விட்டுக்கொடுத்தால், மீதி நாளெல்லாம் ஒரு நல்ல தொழிலாளி உங்களுக்கு மிச்சம்.